முப்பதுக்கு நாற்பதில் எத்தனை கோழி?

ஓசூரில் மனை என்றாலே முப்பதுக்கு நாற்பதுதான். பெங்களூர்க் கணக்கு எல்லை தாண்டி இங்கேயும் ஒட்டிக்கொண்டது. பாகலூர் சாலைப் பக்கம் நாங்கள் வாங்கியதும் அதே 1,200 சதுர அடி. பிளான் போட உட்கார்ந்தபோது மனைவி சொன்னாள்: "பின்னாடி கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்க. பிராய்லரை விட்டுட்டு நாமளே நாட்டுக்கோழி வளர்த்துச் சாப்பிடலாம்."

எனக்குப் பிராய்லர் மேல் கோபம் கிடையாது. ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது வதந்தி. ஆறு வாரத்தில் அது இரண்டு கிலோ ஏறுவது இனத் தேர்வாலும், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தாலும்தான். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும்; கொட்டகை வைத்திருப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. சிப்காட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறை மாதிரிதான். அந்தக் கோழி எந்தக் கொட்டகையில் எப்படி வளர்ந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

சரி, வளர்த்துவிடலாம் என்றால் கணக்கு உதைத்தது. நாட்டுக்கோழி கறிக்குத் தேறக் குறைந்தது ஐந்தாறு மாதம். வாரம் ஒரு கோழி அடிக்க வேண்டுமானால் வெவ்வேறு வயதில் இருபத்தைந்து கோழியாவது எப்போதும் வீட்டில் நிற்க வேண்டும். ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி மேய்ச்சல் இடம் என்றாலும் 250 சதுர அடி. மனையில் ஐந்தில் ஒரு பங்கு! வாஸ்து பார்க்க வந்தவர்கூட அதற்கு மூலை சொல்லத் திணறினார்.

அதனால் கோழி முட்டைக்கு மட்டும் என்று முடிவானது. ஆறு பெட்டைகள், சேவல் இல்லை. முட்டையிடச் சேவல் தேவையில்லை. தெருவில் பாதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வந்து படுப்பவர்கள்; சேவல் கூவினால் அவர்கள் தூக்கம் கெடும். குஞ்சாக வாங்கினால் ஓசூர்க் குளிருக்கு முதல் சில வாரம் பல்பு வெப்பம் வேண்டும். ஓரளவு வளர்ந்ததாக வாங்குவது நல்லது. வெள்ளைக் கழிச்சல் வந்தால் கூண்டே காலி. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமை விடாதீர்கள். கீரிக்கும் பூனைக்கும் கூண்டின் அடியிலும் வலை அடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க மத்திகிரியில் கோழியினக் கல்லூரியே இருக்கிறது.

கறிக்கு வழி காட்டியது உகாதி. மறுநாள் வருஷத் தொடக்கு என்று எங்கள் பக்கத்துக் கன்னடக் குடும்பத்தார் கறி சமைப்பார்கள். அதற்காக ஆண்டு முழுக்கச் சீட்டுப் பிடித்து, ஆடு வாங்கி, கூறு போட்டுப் பிரிப்பார்கள். அதையே நாங்கள் மாதச் சீட்டாக மாற்றினோம். குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு பிடிக்கிறோம். விற்பவரிடமே எந்த ஊர், என்ன தீனி என்று கேட்கலாம். சொல்வதில் பாதி வியாபாரம்தான் என்றாலும் கேட்க ஒரு ஆள் இருக்கிறார். பல் பாருங்கள், எல்லாம் பால்பல் என்றால் பெரும்பாலும் வயது ஒன்றுக்குள். முதுகெலும்பை விரலால் அழுத்தினால் சதைப்பிடிப்பு தெரியும். இருபது கிலோ ஆட்டில் கறி ஒன்பது, பத்து கிலோதான் நிற்கும். அதை வைத்து விலை பேசுங்கள். அறுப்பது வீட்டில் அல்ல, கூலி கொடுத்துக் கறிக்கடைக்காரரிடம்.

இதற்கெல்லாம் பிளானில் மாறியது கொஞ்சமே. பின்பக்கம் கறி கழுவி நறுக்கக் குழாயோடு இடுப்பளவு கடப்பைக்கல் மேடை. கழுவிய தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்குப் போகாமல் தனி வாட்டம். இதை மேஸ்திரியிடம் தளம் போடுமுன் சொல்ல வேண்டும், பிறகு உடைப்புச் செலவு. ஃப்ரீசருக்கு இன்வெர்ட்டர் இணைப்போடு ஒரு பிளக். கறியை அரைக்கிலோப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள்; மொத்தமாக உறைந்தால் ஒரு வேளைக் குழம்புக்கு முழுவதையும் இளக்க நேரும்.

சீட்டு தொடங்கும் அன்றே தலை, கால், குடல், ஈரல் யாருக்கு என்று பேசிவிடுங்கள். எங்கள் தெருவில் ஈரல் எல்லாக் கூறிலும் சமமாக விழும். தலையும் காலும் மாதம் ஒரு வீடு, முறைவைத்து. குடல் மட்டும் ஏலம். எதிர்வீட்டு அக்கா இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.