புகை அடங்கிய தணலை நம்பாதீர்கள்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர் கடுமையாகும் மாதங்களில், கரியைக் கொளுத்தி அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுற்றுலா வருபவர்களில் சிலர் பார்பெக்யூ அடுப்பையே உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள். 'புகைதான் அடங்கிவிட்டதே, இனி என்ன?' என்ற நம்பிக்கைதான் உயிரைப் பறிக்கிறது.

புகை அடங்கிய பிறகும், சாம்பல் பூத்த கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது பற்றிக்கொள்ளும். தூங்குபவர் தூக்கத்திலேயே நினைவிழந்துவிடுவார்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை:

• கரி, விறகு எதையும் படுக்கையறையில் எரிக்க வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறு. குளிருக்குக் கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் பையும் பாதுகாப்பானவை.

• கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தால், கதவைத் திறந்துவைத்து வாளியில் நீர் பிடித்து, கீசரை அணைத்து, காற்று மாறிய பிறகு குளியுங்கள். விரைவில் இடம் மாற்றிவிடுங்கள். கீசர் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு, சிலிண்டர் கசிந்தால் எழும் வாடை இருக்காது.

• அடுப்புச் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படிந்தால் பர்னரைச் சரிபாருங்கள்.

• மின்வெட்டில் ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்தவெளியில் ஓட்டுங்கள். பால்கனியும் மாடிப்படி அடியும் அதற்கான இடமல்ல.

• கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறை அருகே மாட்டுங்கள். புகை அலாரம் இந்த வேலையைச் செய்யாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி ஆகியவை கார்பன் மோனாக்சைடு நச்சின் முதல் அறிகுறிகள். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் இவை தோன்றி, வெளியே போனதும் குறைந்தால் உடனே இந்த வாயுவைச் சந்தேகியுங்கள். எல்லோரும் வெளியேறி, 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் கதவை அகலத் திறந்து, அவரை விரைந்து வெளியே கொண்டுவாருங்கள். அடுப்பை அணைக்க உள்ளே நிற்காதீர்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த நச்சைப் பிரித்தறியாது. நிலைமை மோசமாக இருக்கும்போதும் இயல்பான அளவையே காட்டக்கூடும். அதனால், 'மூடிய அறையில் கரி எரிந்தது', 'கீசர் ஓடியது' என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனையும் ஆக்சிஜன் சிகிச்சையும் தாமதமின்றித் தொடங்க அந்தத் தகவல் உதவும்.