உதவிக் குறிப்பும் அறிஞர் திருத்தமும்

முன்னுரை

இயற்றிய நூலைக் கற்றோர் அவையில் அரங்கேற்றுதல் தமிழர் மரபாகும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. இலக்கண நூலுக்கு வேண்டப்பட்ட இந்நெறி, இன்று கணினி மென்பொருளுக்குத் தமிழில் எழுதப்படும் உதவிக் குறிப்புகளுக்கும் வேண்டற்பாலதே என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல்லின் விலை

சொல் பிழைத்தால் என்ன நேரும் என்பதை விருதுநகர் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லை. பொட்டாசியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் வெண்ணிற உப்புகளே. முன்னதைக் கந்தகத்தோடும் கரியோடும் சேர்ப்பது கருமருந்தின் பழைய முறை. பின்னதைக் கந்தகத்தோடு கலந்தாலோ, சிறு உராய்விலும் வெடித்துவிடும். எனவேதான் 1992ஆம் ஆண்டு நடுவணரசு அக்கலவையைத் தடை செய்தது. செய்முறைத் தாளில் ஒரு பெயர் மாறினால் இழப்பது உயிர்.

மென்பொருளில் உயிரிழப்பு இல்லையாயினும் உழைப்பிழப்பு உண்டு. சிவகாசி அச்சகம் ஒன்றில், நாட்காட்டிப் பருவத்தில், இரவுப் பணியில் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். 'பழைய நிலைக்குத் திரும்ப, நீக்கு என்னும் பொத்தானை அழுத்துக' என்று உதவிக் குறிப்பு கூறுகின்றது. உண்மையில் அழுத்த வேண்டியது 'விலக்கு' என்னும் பொத்தான். 'நீக்கு' என்பதோ கோப்பையே அழித்துவிடும். அவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை யாதுமில்லை. ஆயினும் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் மறைந்து போகும்.

மூவகைத் திருத்துநர்

இத்தகைய பிழையை ஒருவரே முற்றும் காணல் அரிது. எனவே மூவர் பார்வை தேவைப்படுகின்றது. மென்பொருளை அறிந்த பொறியாளர் செய்தியின் உண்மையைக் காண்பார். தமிழாசிரியர் சொல்லாட்சியையும் வாக்கியத் தெளிவையும் காண்பார். அம்மென்பொருளை முதன்முறையாகப் பயன்படுத்துபவர், தாம் எங்கே தடுமாறினார் என்பதைக் காட்டுவார். மூன்றாமவரும் தம் தடுமாற்றத்தில் வல்லுநரே என்பதை மறத்தல் கூடாது.

திருத்தம் பெறும் முறை

'பார்த்துச் சொல்லுங்கள்' என்று முழுப் படியையும் அனுப்பினால், 'நன்று' என்னும் ஒரு சொல்லே விடையாக வரும். ஆகவே சிறு சிறு பகுதிகளாக, படிகளுக்கு எண்ணிட்டு அனுப்புதல் வேண்டும். மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதையும் குறித்தல் வேண்டும். 'ஏழாம் படியில் உள்ள பொத்தானின் பெயர் திரையில் உள்ளவாறே இருக்கின்றதா?' எனக் குறிப்பாக வினவுதல் வேண்டும். வந்த திருத்தத்தையும் அதன் காரணத்தையும் பதிந்து வைத்தல் வேண்டும். திருத்துநர் இருவர் முரண்பட்டால், கணினியின் முன் அமர்ந்து செய்து பார்த்து முடிவு காணலாம். ஏற்காத திருத்தத்திற்கும் காரணம் கூறி மறுமொழி எழுதுதல் பண்பாடு. அடுத்த முறையும் அவர் மனமுவந்து உதவுவார்.

நடைமுறைச் சான்றுகள்

உலகெங்கும் தன்னார்வலர் ஆக்கும் க்னோம் மென்பொருளில் மொழிபெயர்ப்பு முடிந்ததும், மெய்ப்புப் பார்த்தல் என்பது தனிப் படிநிலையாகவே வைக்கப்பட்டுள்ளது. ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் புதியவர் அளிக்கும் மொழிபெயர்ப்பு, உரிமை பெற்ற ஒருவர் ஏற்கும் வரை பரிந்துரையாகவே நிற்கும். கெட்டெக்ஸ்ட் என்னும் கருவியோ, ஆங்கில மூலம் மாறியவுடன் பழைய தமிழாக்கத்தை ஐயத்திற்குரியது எனக் குறித்துவிடுகின்றது. மீண்டும் பார்க்கும் வரை அது பயனர் திரைக்கு வாராது. மென்பொருள் மாறுந்தோறும் திருத்தமும் தொடர வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

திருத்துவோர்க்குப் பொதுவான சொற்றொகுதியும் தேவை. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா (1935–2017) மருத்துவம், கணினி முதலிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தளித்தார். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் உறுதி, அகராதியைக் கைக்கொள்ளும்போதுதான் வாய்க்கும்.

முடிவுரை

அச்சுத் தொழிலில் சிறந்த இம்மண்ணுக்கு மெய்ப்புத் திருத்தம் புதியதன்று. அக்கண்ணும் நம் மாணவர்தம் தமிழறிவும் கணினித் திரையின் பக்கம் திரும்புமாயின், தமிழில் எழுதிய குறிப்பை நம்பிப் பொத்தானை அழுத்துபவர் ஏமாற மாட்டார். திருத்தத்தை ஏற்பது எழுதியவர்க்கு இழுக்கன்று. படிப்பவர்க்கு அவர் அளிக்கும் பாதுகாப்பாகும்.