ஒப்புமை வேறு, உறவு வேறு

கிழக்குத் தாம்பரம்

அன்புள்ள கயல்விழிக்கு,

உஸ்பெக் மொழியையும் கான்டனீஸ் மொழியையும் ஒப்பிட்டுக் கல்லூரிக்காக நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். உஸ்பெக் தமிழுக்கு உறவு மொழி, அதனால் எளிது. கான்டனீஸுக்கு இலக்கணமே கிடையாது, ஏற்ற இறக்கம்தான் எல்லாம், அதனால் கடினம் என்று முடித்திருக்கிறாய். நீ திரட்டிய சான்றுகளில் குறையில்லை, முடிவில்தான் அவசரம் தெரிகிறது. இரண்டு மொழிகள் ஒன்றுபோல் இருந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்கலாம், ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கியிருக்கலாம், அல்லது பேச்சின் பொதுத் தேவையால் தனித்தனியே அப்படி அமைந்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெளியாமல் உறவு கொண்டாடக் கூடாது என்பதே நான் உனக்குச் சொல்ல விரும்புவது.

உன் மயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. உஸ்பெக்கில் 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்திமி' என்றால் வந்தானா. நாம் ஆகாரம் சேர்க்கும் அதே இடத்தில் அவர்கள் 'மி' சேர்க்கிறார்கள். பெயருக்குப் பின்னால் பன்மையும் வேற்றுமையும் வரிசையாக ஒட்டிக்கொள்ள, வினை கடைசியில் வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட ஒப்புமைதான் மொழியறிஞர் கால்டுவெல்லையே இழுத்துச் சென்றது. 1856-இல் வெளிவந்த தம் திராவிட ஒப்பிலக்கணத்தில், துருக்கிய மொழிகளையும் உள்ளடக்கிய 'சித்திய' மொழிக் கூட்டத்தோடு திராவிட மொழிகளுக்கு நெருக்கம் உண்டு என்று அவர் வாதிட்டார். இன்றைய மொழியியல் அதை ஏற்கவில்லை. வினையைக் கடைசியில் வைத்து விகுதிகளை அடுக்கும் வழக்கம் ஜப்பானியத்திலும் கொரியத்திலும்கூட இருக்கிறது. அமைப்பு ஒன்றாக இருப்பது மட்டும் பிறப்புக்குச் சாட்சியாகாது.

அப்படியானால் கால்டுவெல் திராவிடக் குடும்பத்தை நிறுவியதும் ஒப்புமையை வைத்துத்தானே என்று நீ கேட்கலாம். அங்கே அமைப்போடு ஒலியும் ஒழுங்காகச் சாட்சி சொல்கிறது. தமிழில் பால், பத்து, புலி. கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹுலி. சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாவது ஒன்றிரண்டு சொற்களில் நேர்ந்த தற்செயல் அல்ல, விதி. அதே அளவுகோலை உஸ்பெக்குக்கும் வைத்துப் பார். துருக்கியின் 'வர்' (உண்டு) அங்கே 'போர்', 'வெர்' (கொடு) அங்கே 'பெர்'. அந்த இரண்டும் உறவு மொழிகள். தமிழின் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு எதிரே உஸ்பெக்கின் பிர், இக்கி, உச் நிற்கின்றன. அங்கே எந்த விதியும் பிடிபடவில்லை. பஜார், மைதானம், வக்கீல், ஆஜர் ஆகிய சொற்களை உஸ்பெக்கிலும் காணலாமே என்றால், அவை பாரசீகத்திலிருந்தும் அரபியிலிருந்தும் இரு பக்கமும் போய்ச் சேர்ந்தவை. கடன் வாங்கியவர் இருவரும் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்கள்.

கான்டனீஸுக்கு இலக்கணம் இல்லை என்ற உன் முடிவு இன்னும் பலவீனமானது. வினை திரிவதில்லை என்பது உண்மை. ஆனால் செயல் முடிந்ததற்கு ஓர் ஒட்டு, நடந்துகொண்டிருப்பதற்கு ஒன்று, முன்பு எப்போதோ நடந்ததுண்டு என்பதற்கு ஒன்று என அது பிரித்துப் பேசுகிறது. போய்விட்டான், போய்க்கொண்டிருக்கிறான், போனதுண்டு என்று நாம் காட்டும் வேறுபாடுகளே அவை. 'ஸி' என்னும் ஓரசையை ஆறு தொனிகளில் சொன்னால் கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, காரியம் என ஆறு சொற்கள் கிடைக்கும். தமிழில் குரல் ஏறினாலும் இறங்கினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காதுக்கு இது கடினம். மாண்டரின் பேசி வளர்ந்தவருக்குத் தொனி என்பதே புதிதல்ல. அவரைத் திணறவைப்பது உஸ்பெக்கின் விகுதிச் சங்கிலியாக இருக்கலாம். எளிமையும் கடினமும் கற்பவர் புறப்படும் இடத்தைப் பொறுத்தவை. அவற்றை மொழியின் குணமாக எழுதாதே.

உறவே இல்லையென்றால் ஒப்பிட்டு என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. பயன் இருக்கிறது. கேள்விப்பட்ட செய்தியை 'வந்தானாம்' என்று நாம் சொல்வதுபோல் உஸ்பெக்கில் 'எமிஷ்' உண்டு, கான்டனீஸில் வாக்கியத்தின் கடைசியில் 'வோ' உண்டு. உறவில்லாத மூன்று மொழிகள் ஒரே தேவையைத் தனித்தனியே நிறைவு செய்திருக்கின்றன. ஹாங்காங்கில் பேசுவது கான்டனீஸாக இருக்க, முறையான எழுத்துநடை மாண்டரினைத் தழுவியது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே பிள்ளைகள் அங்கே தாண்டும் பள்ளம் நமக்கும் பழக்கமானதுதான். நடைமுறைப் பயனும் சிறிதல்ல. தமிழ்நாட்டிலிருந்து சமர்கண்டுக்கும் புகாராவுக்கும் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம், நோயாளி தன் வலியை உஸ்பெக்கில்தான் சொல்வார். விகுதி ஒட்டும் முறை தமிழ்ப் பிள்ளைக்குக் கைவந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும்.

பெருமைக்காக ஒப்பிடுவதை மட்டும் தவிர்த்துவிடு. ஹெராத் நகரில் பாரசீகமே உயர்ந்தோர் மொழியாக மதிக்கப்பட்ட காலத்தில், 1499-இல், அலிஷேர் நவாயி அதையும் துருக்கியத்தையும் எடைபோட்டுத் துருக்கியமே உயர்ந்தது என்று ஒரு நூல் எழுதினார். உஸ்பெக் இலக்கியத்தின் தந்தையாகப் போற்றப்படும் அவருக்கு, தன் மொழி ஏளனத்துக்கு ஆளானபோது அப்படி எழுத நியாயம் இருந்தது. ஆனால் அது வழக்காடல், ஆராய்ச்சி அல்ல. தமிழின் பெருமைக்காக உலகமெங்கும் உறவு தேடும் பழக்கம் நம்மிடமும் உண்டு. தமிழின் தொன்மைக்கு அந்த முட்டு தேவையில்லை.

நீ இருக்கும் மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே, பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பார். பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் தேடிப் பிடித்துப் படி. உறவை நிறுவ எத்தனை சொற்களை வரிசையாக நிறுத்த வேண்டியிருக்கிறது என்பது அதில் விளங்கும். பிறகு உன் கட்டுரையின் கடைசிப் பகுதியை மாற்றி எழுது. ஒப்புமை தென்படும் ஒவ்வோர் இடத்திலும் அது பிறப்பா, கடனா, பொதுத் தேவையா என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போ.

அன்புடன்,
உன் பெரியப்பா