துன்ப நாளின் துணைகள்: வீட்டுத் தோட்டமும் வளர்ப்புயிர்களும்



தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்குத் துன்ப நாள் எதுவென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் மழை பிடித்துக்கொண்டால் பால்மரத்தின் பட்டை நனைந்துவிடும். வடியும் பால் மங்கில் சேராது கழுவுண்டு போகும். பெரட்டுக்குச் சென்றவர் வேலையின்றி வீடு திரும்புவார். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் இலையுதிர்க்கும் பொழுது பாலும் குறையும். இரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. ஆயினும் நோயும் வருமானக் குறைவும் பிரிவும் நம் வாசலை விட்டு அகன்றுவிடவில்லை. அத்தகைய நாள்களில் மனத்துக்கு ஆறுதல் தரும் துணைகள் இரண்டினைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம். அவை வீட்டுத் தோட்டமும் நாம் வளர்க்கும் உயிர்களுமாம்.

ஆறுதல் எங்கிருந்து வருகிறது?

துன்பத்தின் கொடுமைகளுள் பெரியது, அது என்று தீரும் எனத் தெரியாமையே. மருத்துவமனையில் கிடப்பவர் எப்பொழுது எழுவார்? நின்றுபோன வேலை எப்பொழுது மீண்டும் கிடைக்கும்? இவற்றுக்கு விடை கூறுவார் இலர். ஆனால், மண்ணில் இட்ட விதைக்கும் முட்டை மேல் அமர்ந்த கோழிக்கும் நாள் கணக்கு உண்டு. முளைக்கீரையை விதைத்த 25 முதல் 30 நாள்களில் பறிக்கலாம். வெண்டி ஏறத்தாழ 50 நாள்களில் காய்க்கத் தொடங்கும். கோழி அடைகாத்தால் 21 நாள்களில் குஞ்சு வெளிவரும். வெள்ளாடு ஏறத்தாழ 150 நாள்கள் சுமந்து குட்டி ஈனும். பசுவுக்கோ ஏறத்தாழ 280 நாள்கள் ஆகும். எண்ணி முடிக்கக்கூடிய ஒன்றைக் கையில் வைத்திருப்பவர், எண்ண முடியாத துன்பத்தையும் ஒவ்வொரு நாளாகக் கடந்து செல்வர்.

இரண்டாவது காரணமும் ஒன்று உண்டு. நம் மனம் சோர்ந்திருப்பது ஆட்டுக்குத் தெரியாது; அதற்குப் பசி மட்டுமே தெரியும். நாம் எழுந்து தழை ஒடித்துப் போட்டே ஆகவேண்டும். 'நான் எதற்கும் பயனற்றவன்' என்று எண்ணும் நாளில், 'நீ வந்தால்தான் எனக்கு உணவு' என்று ஓர் உயிர் வாசலில் காத்து நிற்கிறது. அந்தக் கடமையே பாதி மருந்தாகிவிடுகிறது.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் நெடுநாள் மருத்துவமனையில் இருந்தார். வகுப்பில் அவள் வாய் திறப்பதே அரிதாயிற்று. அக்காலத்தில் அவள் வீட்டுக் கோழி ஒன்பது முட்டைகளின் மேல் அமர்ந்தது. நாள்தோறும் தன் ஏட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு இழுத்து வந்தாள். இருபத்தோராம் நாளுக்கு மறுநாள் காலை என் மேசையருகே வந்து, "ஏழு ஐயா!" என்றாள். பல வாரங்களுக்குப் பின் அவளாகப் பேசிய முதற்சொல் அதுவே. தாயார் வீடு திரும்பியது அதற்கும் இரு மாதம் கழித்துத்தான். குஞ்சுகள் தாயைக் குணப்படுத்தவில்லை. மகளைத் தாங்கி நின்றன.

நம் முன்னோர் கண்ட வழி

கொடையில் சிறந்த வள்ளல்களாக நாம் போற்றும் இருவரை நினைத்துப் பாருங்கள். பாரி முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். செடியையும் பறவையையும் உறவாகக் கொள்வது நமக்குப் புதிதன்று.

இந்நாட்டிலும் அதற்குச் சான்று உண்டு. 1942 முதல் 1945 வரை நடந்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. தோட்டத்து ஆடவர் பலர் சயாம் இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளவே இல்லை. எஞ்சியோர் வெற்றிடங்களில் மரவள்ளிக் குச்சிகளை ஊன்றி, அக்கிழங்கை உண்டு உயிர் காத்தனர். பின்னர், 1974இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது பசுமைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டு, வீடுதோறும் காய்கறி பயிரிட ஊக்கம் அளிக்கப்பட்டது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் அடைக்கப்பட்டபோதும், வாசற்செடிகளே சிறுவர் பலர்க்குப் பொழுதுபோக்கும் பாடமுமாயின.

தொடங்கும் முறை

பெரிய நிலம் தேவையில்லை. லயத்து வாசலில் பாய் விரிக்கும் அளவு மண் இருந்தால் போதும். அதுவும் இல்லாதோர் பழைய வாளியின் அடியில் துளையிட்டு மண் நிரப்பலாம். முருங்கைக் கிளையை ஒடித்து ஊன்றினாலே துளிர்க்கும். கறிவேப்பிலை, பாண்டான், மிளகாய், கீரை ஆகியவை அன்றாடச் சமையலுக்கு உதவும். ஒரு பாத்தியில் பயறு வகையையும் விதைத்திடுக. இரப்பர்க் கன்றுகளுக்கிடையே மூடுபயிர் வளர்க்கப்படுவதைப் பெற்றோர் கண்டிருப்பீர்கள். அவை வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பன. பயறும் அவ்வினத்ததே. ஆட்டுப் புழுக்கையையும் கோழி எச்சத்தையும் நன்கு மக்கிய பின்னரே செடிக்கு இடவேண்டும். இவ்வாறு ஆடு செடிக்கு உரமும், செடி ஆட்டுக்குத் தழையும் தந்து ஒன்றையொன்று வாழ்விக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

1. வாளி, தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் நீர் தேங்க விடாதீர். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழுக்கொசுவாகிவிடும். ஆகலின் வாரம் ஒருமுறை யாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுக.
2. களைக்கொல்லி இருந்த கலன்களை எவ்வளவு கழுவினாலும் நீர் ஊற்றவோ தீவனம் வைக்கவோ பயன்படுத்தலாகாது.
3. மரவள்ளிக் கிழங்கையும் அதன் இலையையும் பச்சையாக உண்ணுதல் கூடாது; நன்கு வேகவைத்தே உண்க.
4. நாய்க்குத் தடுப்பூசி இடுக. விலங்குகளைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக.
5. பராமரிக்க இயலும் அளவுக்கே உயிர்களை வளர்த்திடுக. பசியோடு கட்டி வைப்பது அன்பாகாது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

ஆறுதல் வேறு, தீர்வு வேறு. நோய்க்கு மருத்துவரையும், குடும்பத் துயருக்குப் பெரியோரையும் நாடவே வேண்டும். பிள்ளையின் முகம் பல நாள் வாடியிருந்தால் ஆசிரியரிடம் தெரிவியுங்கள். ஆயினும், அவன் பெயரால் ஒரு செடியேனும் வாசலில் நிற்கட்டும். அதற்கு நீர் ஊற்றும் பொறுப்பை அவனிடமே விடுங்கள்.

மாணவர்களே! செடி வாடினால் மனம் தளராதீர். அடுத்த விதையை இடுங்கள். உங்கள் கையை நம்பி ஓர் உயிர் இருக்கும்வரை, எத்தகைய நாளும் வெறுமையான நாளாகாது.

பயிற்சி

1. இன்று கீரை விதைத்தால் எந்நாளில் பறிக்கலாம்? நாள்காட்டியில் குறித்திடுக.
2. வீட்டிலுள்ள மூத்தோரிடம், அவர்தம் துன்பக் காலத்தில் துணை நின்ற செடி அல்லது விலங்கு எதுவெனக் கேட்டு, பத்து வரிகள் எழுதிடுக.