பிரேக் கட்டைக்குத் தோல் அடித்த நாள்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. வினாடி வினாவுக்காக நீ தயாரித்திருக்கும் பட்டியலையும் படித்தேன். 'முதல் கார்: கார்ல் பென்ஸ், 1886' என்று எழுதியிருக்கிறாய். சரிதான். அந்த ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி ஜெர்மனியில் அவர் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமையின் எண் 37435. மூன்று சக்கரம், ஒற்றைச் சிலிண்டர், ஒரு குதிரைத்திறனைக்கூட எட்டாத எஞ்சின். கேட்டால் தயங்காமல் சொல். ஆனால் அந்த வரிக்குக் கீழே இன்னொரு பெயரையும் எழுதிக்கொள்: பெர்தா பென்ஸ்.

கார்லின் மனைவி அவர். கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கேட்டு வாங்கி அவருடைய தொழிலில் போட்டவர். வண்டி உருவாகி இரண்டு ஆண்டுகள் கழிந்தும் அதை நம்பி வாங்க ஜனங்கள் தயங்கினார்கள். 1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, கணவரிடம் சொல்லாமல், தன் மகன்களான 15 வயது ஓய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து கிளம்பிவிட்டார் பெர்தா. போக வேண்டிய இடம் போர்ட்ஸ்ஹைம், அவருடைய தாய்வீடு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்ரோலில் ஓடும் வண்டி எதுவும் அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை.

அந்த வண்டியில் பெட்ரோலுக்கென்று தனி டேங்க் கிடையாது. கார்புரேட்டரில் நிற்கும் சில லிட்டர்தான். அது தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் நிறுத்தி, துணிக்கறை போக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்று அந்தக் கடையைத்தான் சொல்கிறார்கள். ரேடியேட்டரும் இல்லை. சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். உலையில் தண்ணீர் இருக்கும்வரை சோறு அடிப்பிடிக்காது அல்லவா, அதே கணக்கு. அதனால் தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் நின்று நிரப்ப வேண்டியிருந்தது.

பெட்ரோல் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீள ஊசியால் குத்தி எடுத்தார். மின்பொறி தரும் கம்பியின் உறை தேய்ந்துபோனது. காலுறையைப் பிடித்திருக்கும் நாடாவைக் கழற்றிச் சுற்றினார். ப்ரூக்ஸாலில் ஒரு கொல்லர் சங்கிலியைச் சரிசெய்து கொடுத்தார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இறக்கத்தில் நடந்ததுதான். சக்கரத்தை அழுத்தி நிறுத்த வேண்டிய மரக்கட்டை தேய்ந்துகொண்டே வந்தது. பௌஷ்லாட் என்ற ஊரில் ஒரு செருப்புத் தைப்பவரைத் தேடிப் பிடித்து, அந்தக் கட்டைமேல் தோல் வைத்து அடித்துத் தரச் சொன்னார் பெர்தா. தேய்வது தோலாக இருக்கட்டும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிரேக் லைனிங் பிறந்த கதையாக இதைச் சொல்வார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் போர்ட்ஸ்ஹைம் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாள் கழித்து அதே வண்டியில் திரும்பினார். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று அவர் சொன்னதை கார்ல் கேட்டுச் செய்தார். காப்புரிமைத் தாளில் பெர்தாவின் பெயர் இல்லை. ஆனாலும் அந்தத் தாளுக்குக் குறையாத மதிப்பை இந்தப் பயணத்துக்கு நான் தருகிறேன். பட்டறையில் ஓடிய எஞ்சினை ஊர்போய்ச் சேரும் வண்டியாக்கியது அதுதான்.

உன் பட்டியலில் வைப்பர் இருக்கிறது, ஆனால் பெயர் எழுதவில்லை. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். நியூயார்க்கில் டிராம் வண்டியில் போனபோது, கண்ணாடியில் பனி அப்பியதால் ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து குளிரில் நடுங்கிக்கொண்டே ஓட்டியதைப் பார்த்தார். உள்ளிருந்தபடியே ஒரு கைப்பிடியை அசைத்தால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும்படி ஓர் அமைப்பை வரைந்து, 1903 நவம்பரில் காப்புரிமை பெற்றார். இதற்கு வணிக மதிப்பில்லை என்று ஒரு கனடா நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. வைப்பர் எல்லாக் கார்களுக்கும் வந்த காலத்தில் அவருடைய காப்புரிமை காலாவதியாகியிருந்தது. அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

சீட் பெல்ட்டுக்கு 1959, வால்வோ என்று எழுதியிருக்கிறாய். நீல்ஸ் போலின் என்று சேர்த்துக்கொள். விமானிகளை ஆபத்தில் வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். அதற்கு முன்பிருந்த பெல்ட் பெரும்பாலும் வயிற்றின் குறுக்கே மட்டும் போகும். மோதலில் அதுவே குடலைக் காயப்படுத்தும். நெஞ்சுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, இரண்டும் இடுப்போரத்தில் கூடும்படி, ஒரே கையால் மாட்டும்படி அமைத்தார் போலின். மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது.

போட்டி முடிந்ததும் ஒருநாள் அப்பாவோடு மெக்கானிக் கடைக்குப் போ. கழற்றிப் போட்ட பழைய பிரேக் ஷூ ஒன்று கிடக்கும், கேட்டு வாங்கு. வளைந்த இரும்பின்மேல் தேய்ந்துபோன ஒரு பட்டை ஒட்டியிருக்கும். விரலால் தடவிப் பார். இன்று அது தோல் அல்ல. வேலை மட்டும் பௌஷ்லாட்டில் அன்று அடித்த தோலின் வேலையேதான்.

அன்புடன்,
அத்தை