‘திராதீரே’ – ஒரு சொல்லின் வரலாறு

மனிதருக்கு மட்டுமன்று, சொற்களுக்கும் வரலாறு உண்டு. இத்தாலிய மொழியில் ‘திராதீரே’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. காட்டிக்கொடுத்தல், நம்பிக்கைத் துரோகம் செய்தல் என்பது அதன் பொருள். நினைவு நம்மைக் கைவிட்டாலும், ஒருவரின் பேச்சே அவரை இன்னாரென்று காட்டிக்கொடுத்தாலும் இத்தாலியர் இச்சொல்லையே ஆள்கின்றனர். இந்தப் பொல்லாத சொல் எங்கே பிறந்தது என்று பார்ப்போமா?

இதன் தாய், லத்தீன் மொழியின் ‘திராதெரே’. ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால். ‘தாரே’ என்றால் கொடுத்தல். இரண்டும் சேர்ந்து, ‘பிறர் கையில் ஒப்படைத்தல்’ என்றாயிற்று. இதில் குற்றம் ஏதுமில்லை. ஜூலியஸ் சீசர் தம் காலியா நாட்டுப் போர் நூலில், தோற்றவர் ஆயுதங்களை ஒப்படைத்ததற்கும், துரூயிதர் எனும் குருமார் இளைஞருக்குக் கல்வி புகட்டியதற்கும் இதே சொல்லை வழங்குகிறார்.

ஆனால், காக்க வேண்டியதைப் பகைவரிடம் ஒப்படைத்தால்? கி.பி. 303-இல் உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் வேத நூல்களை எரிக்க ஆணையிட்டான். அஞ்சி அவற்றை அதிகாரிகளிடம் கொடுத்தவர்களைக் கிறிஸ்தவர்கள் ‘திராதித்தோரெஸ்’, அதாவது ‘ஒப்படைத்தவர்கள்’ என்றே அழைத்தனர். அச்சொல்லே வசையாயிற்று.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில், 11-ஆம் அதிகாரம் 23-ஆம் வசனத்தில், இவ்வினை இருமுறை வருகிறது. ஆண்டவரிடம் பெற்றதைத் தாம் சபைக்கு ஒப்படைத்ததைச் சொல்லும்போது ஒருமுறை. ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைச் சொல்லும்போது மறுமுறை. அப்போஸ்தலர் செய்ததற்கும் யூதாஸ் செய்ததற்கும் ஒரே சொல்!

காலப்போக்கில் இத்தாலியர் இவ்விரு பொருளையும் பிரித்துவிட்டனர். வினைச்சொல்லுக்குத் துரோகம் எஞ்சியது. ‘திராதித்ஸியோனே’ என்ற பெயர்ச்சொல்லுக்கு மரபு என்ற நல்ல பொருள் கிடைத்தது. நாம் ஆங்கிலப் பாடத்தில் படிக்கும் ‘டிரடிஷன்’, ‘டிரெய்ட்டர்’ என்பனவும் இக்குடும்பத்துப் பிள்ளைகளே.

தோழியரே, நம் தமிழையும் சற்றுப் பாருங்கள். ‘காட்டிக்கொடுத்தல்’ என்பதிலும் ‘கொடுத்தல்’ இருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியை. வகுப்பில் நடந்ததையெல்லாம் போய்ச் ‘சொல்லிக்கொடுப்பவள்’ யாரென்றும் நமக்குத் தெரியும்!

கொடுப்பது ஒன்றுதான். எதை, யாரிடம், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதே அதை மரபாகவோ துரோகமாகவோ ஆக்குகிறது. கற்றதைத் தங்கையருக்குச் சொல்லிக்கொடுப்போம். தோழி நம்பிச் சொன்னதை மட்டும் நம்மிடமே வைத்துக்கொள்வோம்.