83 மடங்கு ஜூமும் ஒரு கிலோமீட்டர் காற்றும்

முதல்லயே சொல்லிடுறேன், இந்த கேமரா என்னோடது இல்ல. நம்ம போட்டோகிராஃபி கிளப்புக்குப் புதுசா வந்திருக்கிற நிக்கான் கூல்பிக்ஸ் பி950. 2020-ல் வெளிவந்த மாடல்தான், நமக்குத்தான் புதுசு. ஸ்டடி லீவுக்கு நான் விருதுநகர் போறது தெரிஞ்சதும், "ஊர்ல நாலு நாள் ஓட்டிப் பார்த்துட்டு எழுதிக் குடு"ன்னு கையில திணிச்சிட்டாங்க. அடுத்த மாசம் கிளப்ல மிச்சப் பணத்துக்கு ஓட்டெடுப்பு இருக்கு: இன்னொரு பிரிட்ஜ் கேமராவா, இல்ல லென்ஸ் மாத்துற மிரர்லெஸ்ஸா? ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. ப்ராஜெக்ட் ரிவ்யூவை ஓரமா வச்சிட்டு எழுதுறேன், அதுக்காகவாவது படிங்க.

பிரிட்ஜ் கேமரான்னா என்ன? பாக்கெட்ல போடுற சின்ன கேமராவுக்கும் டி.எஸ்.எல்.ஆருக்கும் நடுவுல நிக்கிறது. பார்க்க டி.எஸ்.எல்.ஆர் மாதிரி இருக்கும், ஆனா லென்ஸைக் கழட்ட முடியாது. கழட்ட முடியாததே எங்க ஊருக்கு ஒரு வசதி. கரிசக்காட்டுக் காத்துல லென்ஸ் மாத்திப் பார்த்தவங்களுக்குத் தெரியும், சென்சார் மேல தூசி எப்படி உட்காரும்னு.

எடை சுமார் ஒரு கிலோ. பிடி நல்லா இருக்கு. ஒரு பேட்டரிக்கு 290 படம்னு கணக்கு சொல்றாங்க, அதனால வெளிய போனா இன்னொன்னு எடுத்துக்கங்க. மெனு பத்தியெல்லாம் எழுதப் போறதில்ல, அரை மணி நேரத்துல பழகிடும். விஷயம் முழுக்க லென்ஸ்லதான் இருக்கு.

லென்ஸ் மேல 4.3 – 357 மி.மீ.னு எழுதியிருக்கும். விளம்பரத்துல 24 – 2000 மி.மீ.னு இருக்கும். ரெண்டும் பொய் இல்ல. முதல் எண் நிஜமான குவியத் தூரம். ரெண்டாவது, அதே காட்சியை ஒரு ஃபுல் ஃபிரேம் கேமராவுல எடுக்க எவ்வளவு வேணும்ங்கிற கணக்கு. வித்தியாசம் சென்சாரால வருது. இதோட சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், அதாவது சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. ஃபுல் ஃபிரேம் பரப்பளவுல முப்பதுல ஒரு பங்கு.

ஏன் இவ்வளவு சின்னதா வைக்கணும்? முழு ஜூம்ல இது எஃப் 6.5. ஃபுல் ஃபிரேம்ல 2000 மி.மீ. எஃப் 6.5 வேணும்னா 2000-ஐ 6.5-ஆல வகுங்க. சுமார் 308 மி.மீ. வாய் இருக்கிற லென்ஸ் வேணும். தோசைக்கல் சைஸ். இங்க 357-ஐ 6.5-ஆல வகுத்தா 55 மி.மீ. போதும். சென்சாரைச் சுருக்கினதாலதான் லென்ஸ் பைக்குள்ள அடங்குது. அந்தச் சுருக்கத்துக்கு விலை ரெண்டு இடத்துல குடுக்கிறோம்.

ஒண்ணு வெளிச்சம். மாலை ஆறரைக்கு மேல முழு ஜூம்ல ஐ.எஸ்.ஓ. ஏறும், படத்துல ரவை தூவின மாதிரி நாய்ஸ் வரும். இன்னொண்ணு, முதல் வருஷ பிசிக்ஸ்ல படிச்சு மறந்த டிஃப்ராக்ஷன். புள்ளியளவு வெளிச்சம் லென்ஸ் வழியா வந்தா புள்ளியா விழாது, சின்ன வட்டமா விழும். வட்டத்தோட விட்டம் 2.44 × அலைநீளம் × எஃப் எண். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான், எஃப் 6.5. பெருக்கினா 8.7 மைக்ரான். இந்த சென்சார்ல ஒரு பிக்சல் சுமார் 1.3 மைக்ரான்தான். ஆக, ஒரு புள்ளி ஆறேழு பிக்சல் அகலத்துக்குப் பரவுது. 16 மெகாபிக்சல்னு போட்டிருந்தாலும் முழு ஜூம்ல அத்தனையும் தனித்தனித் தகவல் இல்ல. இது கம்பெனியோட குறை இல்ல. இந்த அளவு சென்சார், இந்த எஃப் எண்ணு வச்சு யாரு செஞ்சாலும் இதேதான்.

சரி, கணக்கு போதும். முதல் நாள் காலை குல்லூர்சந்தை அணை. ஆறு மணிக்கே போயிட்டேன். தண்ணிக்கு நடுவுல கூழைக்கடா ரெண்டு. வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் பொட்டு, முழு ஜூம்ல அலகுக்குக் கீழ தொங்குற பை தெரியுது. மறைக்க மாட்டேன், கரையில தனியா நின்னு கத்திட்டேன்.

ஆனா முதல் பத்து நிமிஷம் பறவையைக் கண்டே பிடிக்க முடியல. முழு ஜூம்ல ஒரு கிலோமீட்டர் தூரத்துல 17 மீட்டர் அகலம்தான் ஃபிரேமுக்குள்ள வரும். கை லேசா ஆடினா பறவை காணாமப் போயிடும். லென்ஸ் பக்கவாட்டுல ஒரு பட்டன் இருக்கு, அமுக்கிப் பிடிச்சா ஜூம் பின்வாங்கும், விட்டா பழைய இடத்துக்கே போகும். முதல் நாளே அந்த பட்டனுக்கு விரலைப் பழக்குங்க. ஆட்டத்தைக் குறைக்கிற வசதி 5.5 ஸ்டாப்னு சொல்றாங்க. பழைய விதிப்படி 2000 மி.மீ.க்கு நொடியில் 2000-ல் ஒரு பங்கு வேகம் வேணும். 5.5 ஸ்டாப் கழிச்சா 45-ல் ஒரு பங்கு. எனக்கு 125-ல் ஒரு பங்குக்குக் கீழ நம்பிக்கை வரல. காபி குடிக்காமப் போயிருந்தா வந்திருக்குமோ என்னவோ. அதோட, நம்ம கை நின்னாலும் பறவை நிக்காதே.

ரெண்டாவது நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். 11 நிலை, 192 அடிக் கோபுரம். ஊருக்கு வெளிய ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி நின்னு காலை ஆறரைக்கு ஒரு படம், அதே இடத்துல மதியம் பன்னிரண்டுக்கு ஒரு படம். காலைப் படத்துல கோபுரத்து வேலைப்பாடு தெளிவாத் தெரியுது. மதியப் படத்துல கோபுரமே தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி நெளியுது. சூடான தரையில இருந்து எழும்புற காத்து ஒளியை வளைக்குது, அவ்வளவுதான். கானல்நீர்னு நாம சொல்றதோட தம்பிதான் இது. ரோட்டுல தெரிஞ்சா ரசிப்போம், படத்துல தெரிஞ்சா ஃபோக்கஸ் சரியில்லன்னு கேமராவைத் திட்டுவோம். எங்க மாவட்டத்து வெயில்ல காலை ஒன்பதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் ஷாட் எடுத்துட்டு கேமராவை எடை போடாதீங்க. நீங்க சோதிக்கிறது லென்ஸை இல்ல, காத்தை.

அன்னிக்கு சிவகாசி வழியா திரும்பி வர்றப்ப சாயங்காலம் நாலரை. ரோட்டை விட்டுத் தள்ளி, கருவேலங்காட்டுக்கு நடுவுல ஒரு பயர் ஆபீஸ். எங்க ஊர்ல பட்டாசு ஆலைக்கு அதுதான் பேரு. ஒரு ஷெட் வெடிச்சா அடுத்தது பிடிக்கக் கூடாதுன்னு ஷெட்டுகளை இடைவெளி விட்டுக் கட்டியிருப்பாங்க. சுமார் 300 மீட்டர் இருக்கும். "300 மீட்டர்ல 5 மீட்டர் அகலம் வரணும்"னு கணக்குப் போட்டுட்டு முழு ஜூம் போனேன்.

கணக்கு சரிதான். ஷெட் வாசல்ல ஒரு அக்கா உட்கார்ந்து சொம்புல தண்ணி குடிச்சிட்டிருந்தாங்க. முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி, வெள்ளி பூசின மாதிரி. படம் அருமையா வந்துச்சு. நாலு எடுத்தேன். அஞ்சாவது எடுக்கும்போது முதுகுக்குப் பின்னாடி வாட்ச்மேன் தாத்தா.

"என்ன தம்பி எடுக்கிறீக?"

காலேஜ், டெஸ்டிங், ஜூம்னு உளறினேன். அவர் ஸ்கிரீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ள செல்போனே விடமாட்டோம். நீங்க ரோட்ல நின்னுக்கிட்டே உள்ள வந்துட்டீகளே."

கோபமாச் சொல்லல, அதான் உறைச்சுது. அவர் முன்னாடியே அழிச்சேன். நாலையும்.

ராத்திரி எங்க அத்தைகிட்ட சொன்னேன். பத்து வருஷத்துக்கு மேல சரம் பின்னினவங்க. என்னோட இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் ஃபீஸ்ல அந்தக் கூலியும் உண்டு. "வெடிச்சாத்தான் கேமராவைத் தூக்கிட்டு வருவாக. மத்த நாள்ல எடுத்தா அது எங்க போகும்னு யாருக்குத் தெரியும்? அதைப் பார்த்துட்டு எவனாவது வந்து ஆபீஸை மூடினா கூலி நீ குடுப்பியா?"ன்னாங்க. முதலிப்பட்டியில 2012 செப்டம்பர் 5-ல முப்பது பேருக்கு மேல செத்தப்போ நான் சின்னப் பையன். டிவியில பார்த்த புகை மட்டும் ஞாபகம் இருக்கு. அந்த வேலையில இருக்கிற ஒரு முகம்கூட ஞாபகம் இல்ல. அப்போ எடுக்கவே கூடாதான்னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வா. குளிச்சிட்டு நல்ல சேலை கட்டிட்டு நிக்கிறோம், எடு."

நாலாவது நாள்தான் அந்த ஞாயிறு. (மூணாவது நாள் மழை. இந்த கேமராவை மழையில காட்டக் கூடாது.) அத்தையும் கூட வேலை பார்த்த நாலு பேரும் திண்ணையில. இங்க ஒரு பாடம்: 24 மி.மீ.ல கிட்ட நின்னு எடுத்தா மூக்கு பெருசாகும், பின்னாடி இருக்கிற சிலிண்டர் வரைக்கும் தெளிவாத் தெரியும். சின்ன சென்சார்ல பின்னணி சுலபமா மங்காது. பத்தடிக்கு மேல பின்னாடி போய், ஜூமை 200 பக்கம் வச்சு, அவங்களைச் சுவரை விட்டு முன்னாடி உட்கார வச்சேன். மங்கல் வந்துச்சு, மூக்கும் பிழைச்சுது.

அன்னிக்கு ராத்திரி அத்தை ஊர் அம்மன் கோயில் பொங்கல். வாணவேடிக்கை இல்லாம எங்க பக்கம் பொங்கலா? 83 மடங்கு ஜூம் இங்க ஒண்ணுத்துக்கும் உதவாது. வெடி எங்க விரியும்னு தெரியாதே, அதனால 24-லயே நில்லுங்க. ட்ரைபாட், மேனுவல் மோடு, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6, 4 விநாடி. தூரத்துத் தெருவிளக்குல ஃபோக்கஸ் பண்ணி அப்படியே பூட்டிடுங்க. இரண்டு விநாடி டைமர் வைங்க, ஆட்டக் குறைப்பை அணைச்சிடுங்க.

பலருக்குக் குழப்பம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. படம் வெளுத்தா ஷட்டர் நேரத்தைக் குறைப்பீங்க, ஆனா பொறி வெள்ளையாவேதான் இருக்கும். ஏன்னா பொறி நகர்ந்துக்கிட்டே இருக்கு. ஒரு பிக்சல் மேல அது நிக்கிறது கண்ணிமைக்கும் நேரம்தான். ஷட்டர் நேரம் எத்தனை பொறி விழணும்னு மட்டும் முடிவு பண்ணும். ஒவ்வொரு பொறியும் எவ்வளவு பளிச்னு இருக்கணும்ங்கிறது அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும். ஸ்ட்ரான்சியம் குடுக்கிற சிவப்பும் தாமிரம் குடுக்கிற நீலமும் உங்களுக்கு வேணும்னா அப்பர்ச்சரைச் சுருக்குங்க. எஃப் 8-க்குப் போனா மேல சொன்ன டிஃப்ராக்ஷன் வட்டம் பெருசாகும், அதான் நான் 5.6-ல நின்னேன். முதல் பத்து நிமிஷத்துக்குள்ள எடுத்துடுங்க, அப்புறம் வானம் முழுக்கப் புகைதான். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல மூணு விநாடி எண்ணினா நீங்க ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கீங்க. நான் ஒண்ணுகூட எண்ண முடியல, அவ்வளவு கிட்ட நின்னிருக்கேன். அத்தை திட்டின பிறகுதான் தள்ளிப் போனேன்.

ஓட்டு விஷயம். பறவைக்கு, நிலாவுக்கு, கோபுரத்துக்கு இந்த விலையில இதுக்குப் போட்டி இல்ல. ஆனா நம்ம கிளப் வருஷம் முழுக்க எடுக்கிறது என்ன? ஆடிட்டோரியம், கல்ச்சுரல்ஸ் ராத்திரி, ஆளுங்க. அங்கெல்லாம் வேணும்ங்கிறது வெளிச்சம், தூரம் இல்ல. என் ஓட்டு மிரர்லெஸ்ஸுக்கு. இது அலமாரியிலயே இருக்கட்டும், ஊருக்குப் போறவங்க எழுதி வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க.

திண்ணைப் படத்தை சிவகாசியில ஏ4-ல அஞ்சு பிரிண்ட் போட்டேன். 16 மெகாபிக்சல் அதுக்குத் தாராளம். அத்தை கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்துட்டு, "கையில பொடியே இல்லையேடா, நான்தானா இது?"ன்னு கேட்டாங்க. அப்புறம் காலண்டருக்குப் பக்கத்துல ஆணி அடிக்கச் சொன்னாங்க.